ப்ராஸ்டேட் வீக்கம்: மாத்திரையா ஆபரேஷனான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

எனக்கு வயசு 64, திண்டுக்கல்ல ஹார்டுவேர் கடை. மூணு நாலு வருஷமாவே ஒண்ணுக்கு போறதுல சிரமம் இருந்துச்சு, ராத்திரி அஞ்சு தடவ எந்திரிப்பேன், நின்னு நின்னு வரும், போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கற மாதிரியே இருக்கும். வயசானா இப்படித்தான்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல. வீட்டம்மாகிட்ட கூட சொல்லல. ஒரு நாள் சளி பிடிச்சுதுன்னு மெடிக்கல்ல கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், அன்னிக்கு ராத்திரி சுத்தமா அடச்சுக்கிச்சு. பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டு அந்தத் தண்ணிச் சத்தத்துலயாவது வருமான்னு ரெண்டு மணி நேரம் நின்னேன், அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, ஒரு சொட்டு வரல. ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரில டியூப் போட்டாங்க, பேக்குல 900 மில்லி வந்துச்சுன்னு சிஸ்டர் எழுதுனத நானே பாத்தேன். ப்ராஸ்டேட், அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ மூத்திரக் குழாயச் சுத்தி இருக்கற சுரப்பி, வீங்கி வழிய அடச்சிருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒன்னரை வருஷம் மாத்திரை, ஸ்கேன், இன்சூரன்ஸ், கடைசில ஆபரேஷன்னு அலஞ்சேன். அந்த அலைச்சல்ல பாதி தேவையே இல்லாதது, யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா தவிர்த்திருக்கலாம். அதனால தான் எழுதறேன். உங்களுக்கோ உங்க அப்பாவுக்கோ மாமனாருக்கோ இந்தத் தொந்தரவு இருந்தா இத வரிசையா படிங்க. நான் டாக்டர் இல்ல, மருந்த முடிவு பண்ண வேண்டியது உங்க யூராலஜி (மூத்திரப் பாதை) டாக்டர் தான், ஆனா அவர் முன்னாடி போய் உக்காரும்போது வெறுங்கையோட உக்காராதீங்க.

1. மொதல்ல இது எமர்ஜென்சியா இல்லையான்னு பாருங்க

ஒண்ணுக்கு முட்டுது ஆனா சொட்டு கூட வரல, ரத்தம் கட்டி கட்டியா வருது, குளிர் ஜுரத்தோட எரிச்சல் இருக்கு, இதுல எது இருந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே கெளம்புங்க. அடச்சுக்கிட்டப்போ வந்துரும் வந்துரும்னு சொம்பு சொம்பா தண்ணி குடிக்கறவங்க இருக்காங்க, நானும் குடிச்சேன், அது வலிய தான் கூட்டும். டியூப் போட்டா அஞ்சு நிமிஷத்துல உயிர் வந்த மாதிரி இருக்கும்.

டியூப் போட்டுட்டா ஆபரேஷன் கட்டாயம்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரைய ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு டியூப எடுத்துப் பாப்பாங்க, எனக்கு மூணாவது நாள் எடுத்தாங்க, தானா வந்துச்சு. யூரின் பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழயே தொங்கணும், கார்ல ஏறும்போது மடில வச்சுக்காதீங்க, திரும்ப உள்ள போனா இன்ஃபெக்ஷன் வரும்.

2. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுல எழுத வேண்டிய கணக்கு

இது ஒரு பைசா செலவு இல்லாத வேலை, ஆனா ரொம்பப் பேர் இத செய்யறதில்ல. மூணு நாளைக்கு ஒரு நோட்டுல எத்தன மணிக்கு ஒண்ணுக்குப் போனீங்க, எத்தன மில்லின்னு எழுதுங்க, பழைய பிளாஸ்டிக் அளவு டம்ளர் ஒன்ன இதுக்குன்னே பாத்ரூம்ல வச்சுக்கோங்க. எப்ப என்ன குடிச்சீங்கன்னும் எழுதுங்க, டீ காப்பி உட்பட. எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் எழுதுனப்போ ஒவ்வொரு தடவையும் 400 மில்லி போயிருக்கான்னு தெரிஞ்சுது, கடைசில பாத்தா அவனுக்கு சுகர், ப்ராஸ்டேட் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

அப்புறம் ஏழு கேள்வி இருக்கு, உலகம் பூரா யூராலஜி டாக்டருங்க இதத்தான் கேப்பாங்க. போன ஒரு மாசத்துல, முழுசா போகாத உணர்வு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள திரும்பப் போறது, நின்னு நின்னு வர்றது, அடக்க முடியாம ஓடுறது, வேகம் இல்லாம வர்றது, முக்கிப் போறது, ராத்திரி எந்திரிக்கறது. ஒவ்வொன்னுக்கும் 0லேருந்து 5 வரைக்கும் மார்க், மொத்தம் 35. ஏழு வரைக்கும் லேசு, 8லேருந்து 19 நடுத்தரம், 20லேருந்து மேல கடுமை. எனக்கு 21 வந்துச்சு. இந்த நம்பர தேதியோட எழுதி வைங்க, மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு ஆறு மாசம் கழிச்சு இது தான் சொல்லும். "கொஞ்சம் பரவால்ல டாக்டர்"னு வாயால சொல்றது எதுக்கும் உதவாது.

நீங்க சாப்பிடற எல்லா மாத்திரையோட அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பிரஷர், சுகர், ஹார்ட், சளி, தூக்கம், எல்லாம்.

3. எடுக்க வேண்டிய டெஸ்டுகள், அதுல நான் மாட்டுன பொறி

யூரின் டெஸ்ட், சுகர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற ரத்த டெஸ்ட்), வயித்து ஸ்கேன், பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் (ப்ராஸ்டேட்ல சுரக்கற ஒரு புரதத்தோட அளவு, புத்துநோய் சந்தேகம் இருக்கான்னு பாக்கறதுக்கு), யூரோஃப்ளோ. எனக்கு எல்லாம் சேத்து மூவாயிரத்துச் சொச்சம் ஆச்சு, ஊருக்கு ஊர் மாறும்.

ஸ்கேனுக்கு மூத்திரப்பை ரொம்பி இருக்கணும், தண்ணி குடிச்சுட்டுப் போங்க. ரிப்போர்ட்டுல ரெண்டு விஷயம் கட்டாயம் இருக்கணும், ஒன்னு ப்ராஸ்டேட்டோட அளவு (சாதாரணமா 20லேருந்து 25 கிராம், எனக்கு 58), இன்னொன்னு நீங்க ஒண்ணுக்குப் போயிட்டு வந்த பின்னாடி உள்ள எவ்வளவு மிச்சம் நிக்குதுங்கறது. ரெண்டாவது இல்லாம "கிரேடு டூ"ன்னு மட்டும் போட்டுக் குடுத்தா திரும்பப் பாக்கச் சொல்லி அங்கயே கேளுங்க, வெளிய வந்துட்டா இன்னொரு ஸ்கேன் காசு. எனக்கு மிச்சம் 140 மில்லி. அளவு பெருசா இருக்கறவங்க எல்லாருக்கும் தொந்தரவு இருக்கும்னு இல்ல, 30 கிராம்ல அடச்சுக்கறவங்களும் இருக்காங்க, 80 கிராம வச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கறவங்களும் இருக்காங்க. அளவ மட்டும் பாத்து பயப்படாதீங்க.

யூரோஃப்ளோங்கறது ஒரு மெஷின்ல ஒண்ணுக்குப் போறது, வேகத்தக் கணக்குப் போடும். நொடிக்கு 15 மில்லிக்கு மேல இருந்தா பொதுவா நல்ல வேகம், 10க்குக் கீழன்னா அடைப்பு இருக்க வாய்ப்பு. குறைஞ்சது 150 மில்லியாவது போனா தான் அந்தக் கணக்கு செல்லும், அவசரத்துல பாதி முட்டும்போதே போய் நிக்காதீங்க.

இப்ப பொறி. எனக்கு டியூப் போட்டிருக்கும்போதே பிஎஸ்ஏ எடுத்துட்டாங்க, 11னு வந்துச்சு. பொதுவா 4க்குக் கீழ இருக்கணும்னு சொல்லுவாங்க. நெட்டுல தேடிப் பாத்துட்டு புத்துநோய்னு முடிவு பண்ணி நானும் வீட்டம்மாவும் பத்து நாள் ஒழுங்கா சாப்பிடல, பையன் பெங்களூர்லேருந்து லீவு போட்டு வந்துட்டான். ஆறு வாரம் கழிச்சு வேற டாக்டர் திரும்ப எடுக்கச் சொன்னாரு, 3.1. டியூப், இன்ஃபெக்ஷன், அடைப்பு இதெல்லாம் இருந்தா பிஎஸ்ஏ தானா ஏறும். முந்தின ரெண்டு நாள் தாம்பத்யம், சைக்கிள் இதெல்லாம் கூட வேண்டாம்னு சொல்லுவாங்க. அதனால அந்த நேரத்துல எடுத்த நம்பர நம்பி உடையாதீங்க, ஆனா திரும்ப எடுக்காமலும் விட்டுடாதீங்க. சாதா வீக்கம் புத்துநோயா மாறாது, ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு சேந்து இருக்கலாம்.

4. மாத்திரை: எது என்ன பண்ணும், எவ்வளவு நாள் பொறுக்கணும்

ரெண்டு வகை. இந்த வித்தியாசம் தெரியாம நெறைய பேர் நடுவுல நிறுத்திடறாங்க.

ஒன்னு இறுக்கத்தத் தளர்த்துற வகை: டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபுசோசின். சில நாள்லயே வித்தியாசம் தெரியும், ஆனா ப்ராஸ்டேட்ட சுருக்காது, நிறுத்துனா திரும்ப வந்துரும். தலைசுத்தல் வரலாம், அதனால என்ன ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னாங்க, நடு ராத்திரி எந்திரிக்கும்போது கட்டில்ல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எந்திரிங்க. உறவுல விந்து வெளிய வராம போறதும் உண்டு, சிலோடோசின்ல இது ரொம்ப அதிகம், பயப்பட ஒன்னும் இல்ல.

ரொம்ப முக்கியமான விஷயம், கண்ணுல கேட்டராக்ட் ஆபரேஷன் பண்றதா இருந்தா இந்த மாத்திரை சாப்பிடறத, முன்னாடி சாப்பிட்டிருந்தா கூட, கண் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. கருவிழிக்கு நடுவுல இருக்கற பாப்பா சரியா விரியாம, அதச் சுத்தி இருக்கற திரை தொளதொளன்னு ஆகி ஆபரேஷன்ல சிக்கல் வரலாம், முன்னாடியே தெரிஞ்சா அவங்க தயாரா இருப்பாங்க. நம்ம வயசுல ரெண்டும் ஒன்னா தான் வருது, ஆனா கண் ஆஸ்பத்திரி ஃபாரத்துல ஒண்ணுக்கு மாத்திரைய எழுதணும்னு யாருக்கும் தோணறதில்ல.

இன்னொன்னு சுருக்குற வகை: ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு. பெரிய ப்ராஸ்டேட்டுக்குத் தான் இது நல்லா வேலை செய்யும், அதுவும் ஆறு மாசமாவது ஆகும். ரெண்டு மாசம் சாப்பிட்டேன் ஒன்னும் தெரியலன்னு நிறுத்துனா அந்த ரெண்டு மாசக் காசும் போச்சு. எனக்கு எட்டு மாசத்துல 58லேருந்து 46 ஆச்சு, ராத்திரி எந்திரிக்கறது அஞ்சுலேருந்து ரெண்டாச்சு. ஆசை குறையறது, எழுச்சி குறையறது சில பேருக்கு வரும், டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க. வீட்டுல மருமகளோ மகளோ கர்ப்பமா இருந்தா உடைஞ்ச இல்ல கசியற மாத்திரைய அவங்க கையால தொடக் கூடாது. இது சாப்பிடறப்போ ரத்த தானமும் பண்ணக் கூடாது, டூட்டாஸ்டெரைடுன்னா நிறுத்தி ஆறு மாசம் கழிச்சு தான்.

இந்த வகை பிஎஸ்ஏவ ஏறக்குறைய பாதியாக்கிடும். ஆறு மாசம் ஒரு வருஷம் சாப்பிட்ட ஆளுக்கு 2.5னு வந்தா அத 5னு நெனச்சுப் படிக்கணும். புது டாக்டர்கிட்ட போனா ரிப்போர்ட்டக் காட்டும்போதே மாத்திரை பேரையும் சொல்லுங்க, லேப்காரங்க "நார்மல்"னு தான் போட்டுக் குடுப்பாங்க.

செலவு: ரெண்டும் சேந்த கம்பெனி மாத்திரைக்கு எனக்கு மாசம் ஆயிரம் ரூபா கிட்ட ஆச்சு. டாக்டர்கிட்ட மருந்தோட மூலப் பேர எழுதி வாங்கிட்டு மக்கள் மருந்தகத்துலயும், 2025 பிப்ரவரில அரசு ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டுப் பாருங்க, எனக்கு பாதிக்கும் கீழ கெடச்சுது. சில நேரம் ஸ்டாக் இருக்காது, அதனால பத்து நாள் முன்னாடியே போங்க.

மெடிக்கல்ல தானா வாங்கற சளி மாத்திரை இனிமே வேண்டவே வேண்டாம். அட்டைல பினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின், குளோர்பெனிரமின்னு இருந்தா அது மூத்திரத்த அடைக்கக் கூடியது. "எனக்கு ப்ராஸ்டேட் இருக்கு"ன்னு கடைல சத்தமா சொல்லுங்க, பக்கத்துல நாலு பேர் நின்னா நிக்கட்டும்.

நெருஞ்சில் கஷாயம் குடின்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் மூணு மாசம் குடிச்சேன், கெடுதல் ஒன்னும் பண்ணல, ஆனா டாக்டர்கிட்ட போகாம இருக்க அது எனக்கு ஒரு சாக்கா இருந்துச்சு, அந்த மூணு மாசம் தான் எனக்கு நஷ்டம். குடிக்கறதுன்னா ஸ்கேன் எடுத்து டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடிங்க.

5. ஆபரேஷன் எப்ப

திரும்பத் திரும்ப அடச்சுக்கிட்டா, அடிக்கடி இன்ஃபெக்ஷன் வந்தா, மூத்திரப்பைல கல்லு சேந்தா, ரத்தம் நிக்காம வந்தா, கிட்னி பாதிச்சா, அப்ப மாத்திரைல தள்ளிப் போடறது ஆபத்து. இது எதுவும் இல்லாம மாத்திரை சாப்பிட முடியல, இல்ல சாப்பிட்டும் தூக்கம் வரலன்னாலும் பண்ணிக்கலாம், அது உங்க விருப்பம். எனக்கு 14வது மாசம் ஸ்கேன்ல மூத்திரப்பைல ஒரு சென்டிமீட்டர் கல்லு, நடுவுல ரெண்டு தடவ இன்ஃபெக்ஷன். அதோட முடிவு பண்ணிட்டேன்.

மாத்திரை கேக்குது, மிச்சம் கம்மியா நிக்குது, மார்க் 10க்குக் கீழ வந்துருச்சுன்னா அவசரமே இல்ல. "பின்னாடி வயசாயிடும் இப்பவே பண்ணிடுங்க"ன்னு மட்டும் ஒருத்தர் காரணம் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட அதே ரிப்போர்ட்டோட போய்க் கேளுங்க. அதே சமயம் சுகர், ஹார்ட் எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கும்போது பண்ணிக்கறது நல்லதுங்கறதும் உண்மை தான், ரெண்டையும் வச்சு யோசிங்க.

வகைய ரொம்பக் கொழப்பிக்காதீங்க. டியூஆர்பிங்கறது ஒண்ணுக்கு வர்ற வழியாவே உள்ள போய் சுரண்டி எடுக்கறது, வெளிய தழும்பு இல்ல, முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வச்சு பண்ணுவாங்க. இதுலயே இப்ப சலைன் தண்ணி வச்சு பண்ற பைபோலார் இருக்கு, பழைய முறைல உடம்புல சோடியம் இறங்கற பிரச்சன இருந்துச்சு, அது இதுல இல்ல, எதுன்னு கேட்டுக்கோங்க. ஹோலெப்ங்கறது லேசர்ல கழட்டி எடுக்கறது, 80 கிராமுக்கு மேல பெருசா இருக்கறவங்களுக்கும் ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் நல்லது, ஆனா கை பழகுன டாக்டர் வேணும், "மாசத்துக்கு எத்தன பண்றீங்க"ன்னு நான் நேராவே கேட்டேன், யாரும் கோவிச்சுக்கல. 50 கிராம் ஆளுக்கு லேசர் தான் உசத்தின்னு பேப்பர் விளம்பரம் பாத்துட்டு 50 ஆயிரம் கூடக் குடுக்கத் தேவையில்லங்கறது என் அபிப்ராயம்.

ரெண்டுலயுமே அதுக்கப்புறம் பெரும்பாலானவங்களுக்கு விந்து வெளிய வராம மூத்திரப்பைக்குள்ள போயிடும். எழுச்சிக்கு பொதுவா ஒன்னும் ஆகறதில்ல. எங்கிட்ட இத ஆபரேஷன் அன்னிக்குக் காலைல கையெழுத்து வாங்கும்போது தான் சொன்னாங்க. நீங்க முன்னாடியே தெரிஞ்சு, வீட்டுலயும் பேசிட்டுப் போங்க.

6. காசு, இன்சூரன்ஸ், பேப்பர்

இது தான் என்ன அதிகமா அலைய விட்டது.

தனியார் பாலிசி இருந்தா மொதல்ல அதுல காத்திருப்பு காலம்னு இருக்கற பக்கத்தப் படிங்க. ப்ராஸ்டேட் வீக்கம், கேட்டராக்ட், ஹெர்னியா, மூலம் இதெல்லாம் பெரும்பாலான பாலிசில 24 மாச லிஸ்ட்டுல இருக்கும். எனக்கு அடச்சுக்கிட்டப்போ பாலிசிக்கு 16 மாசம் தான் ஆச்சு, அந்த 14 ஆயிரம் ரூபா க்ளைம தள்ளிட்டாங்க. அப்பவே ஆபரேஷனும் பண்ணியிருந்தா மொத்தமும் கைக்காசு. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர் பாத்து எழுதியிருந்தா அது பழைய வியாதி, அதுக்கு 36 மாசம் வரைக்கும் காத்திருப்பு போடலாம். அதனால அட்மிஷன் ஷீட்டுல "எத்தன நாளா இருக்கு"ன்னு கேக்கும்போது பொய் சொல்லாதீங்க, ஆனா "அது ரொம்ப வருஷமா இருக்கு"ன்னு வாய்க்கு வந்தத சொல்லவும் செய்யாதீங்க, தெரிஞ்ச தேதிய சரியா சொல்லுங்க, அந்த ஒரு வரிய வச்சு தான் க்ளைம் நிக்கும் இல்ல விழும்.

அடுத்தது ரூம் வாடகை. என் பாலிசில ஒரு நாளைக்கு 3,000 வரைக்கும் தான், வார்டுல சத்தமா இருக்கும்னு 4,500 ரூம் எடுத்தேன். அந்த 1,500 மட்டும் தான் கைக்காசுன்னு நெனச்சேன், அப்படி இல்ல, டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுனாங்க. கல்லையும் சேத்து எடுத்ததுக்கு பில் 1,18,000, இன்சூரன்ஸ் குடுத்தது 84,000, மீதி 34,000 நான் கட்டுனேன். வாடகைக்குள்ளயே ரூம் எடுங்க.

ப்ளான் பண்ணி போற ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்குல ஆதார், பாலிசி கார்டு, ஸ்கேன், யூரோஃப்ளோ, டாக்டர் எழுதுன சீட்டு எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் குடுத்துடுங்க. 2024லேருந்து விதிப்படி கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டறது) அனுமதிய ஒரு மணி நேரத்துலயும் டிஸ்சார்ஜ் அனுமதிய மூணு மணி நேரத்துலயும் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லணும், இழுத்தடிச்சா இத சொல்லிக் கேளுங்க.

பாலிசி இல்லாதவங்களுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குக் கீழ இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போகணும். வருமானச் சான்று கைக்கு வர்றதுக்குத் தான் நாளாகும், அதனால டெஸ்ட் எடுக்கற அன்னிக்கே அதுக்கும் எழுதிப் போட்டுடுங்க. எங்க மச்சான் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரில இந்தக் காப்பீட்டுல தான் டியூஆர்பி பண்ணிக்கிட்டாரு, தேதிக்கு அஞ்சு வாரம் காத்திருந்தாரு, ஆனா கையிலருந்து போனது பஸ் காசும் சாப்பாடும் தான்.

7. ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்புறமும்

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் இளக்கற மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா தொடரவும் செய்யாதீங்க, ஹார்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கி யூராலஜி டாக்டர்கிட்ட குடுங்க. யூரின் கல்ச்சர்ல இன்ஃபெக்ஷன் இருந்தா அத சரி பண்ணிட்டு தான் பண்ணுவாங்க, ஒரு வாரம் தள்ளிப் போகலாம், மண்டபம் கல்யாணம்னு நெருக்கமா தேதி வச்சுக்காதீங்க.

எனக்கு ஒன்னேகால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் டியூப் வழியா சலைன் விட்டுக்கிட்டே இருந்தாங்க, பேக்குல மொத நாள் செகப்பு, ரெண்டாவது நாள் ரோஸ் மில்க் கலர், மூணாவது நாள் லேசா, அன்னிக்கு டியூப எடுத்தாங்க. நாலாவது நாள் வீடு. கூட இருக்க ஒரு ஆம்பள ஆள் வேணும், மொத நாள் ராத்திரி என் பையன் தான் பேக்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பின்னாடி மூணு வாரம் எரிச்சல், அவசரம், சில நேரம் ரெண்டு சொட்டு தெரியாம போறது எல்லாம் இருந்துச்சு. ஆபரேஷன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன், இல்ல, உள்ள புண்ணு ஆற அவ்வளவு நாளாகும். 12வது நாள் மலச்சிக்கல்ல முக்குனேன், திரும்ப செகப்பா வந்துச்சு. ரெண்டு வாரம் வாக்குல உள்ள இருக்கற பொருக்கு உதிரும்போது இப்படி வரலாம், தண்ணி நல்லா குடிச்சேன், மறுநாள் தெளிஞ்சுருச்சு. கட்டி வந்து அடச்சா மட்டும் உடனே ஆஸ்பத்திரி. ஒரு மாசத்துக்கு மேல வெயிட் தூக்கல, டூவீலர் ஓட்டல, கடைல சிமெண்ட் மூட்டைய பையனே இறக்குனான். மலச்சிக்கல் வராம டாக்டர்கிட்ட மருந்து கேட்டு மொத நாள்லேருந்தே சாப்பிடுங்க.

சுரண்டி எடுத்த சதைய பயாப்ஸிக்கு (புத்துநோய் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்டுக்கு) அனுப்புவாங்க. அந்த ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரும், அதுக்குள்ள நீங்க டிஸ்சார்ஜ் ஆயிருப்பீங்க, ஞாபகமா போய் வாங்குங்க. எனக்கு நல்லபடியா வந்துச்சு. ஆனாலும் ப்ராஸ்டேட்டோட வெளிப்பக்கம் உள்ளயே தான் இருக்கு, அதனால எத்தன மாசத்துக்கு ஒரு தடவ பிஎஸ்ஏ எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி, எல்லா பிஎஸ்ஏ ரிப்போர்ட்டும் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். எங்க வீட்டுல அந்த ஃபைல் பீரோல ரேஷன் கார்டு பக்கத்துல இருக்கு, எங்க இருக்குன்னு வீட்டம்மாவுக்கும் தெரியும்.